உருக்காமல் அலுமினியச் சீவலைத் தண்டாக்கும் முறை

ஒரு கிலோ அலுமினியம் ஒரே கனசதுரக் கட்டியாக இருந்தால் அதன் பக்கம் ஏறத்தாழ 7 செ.மீ. இருக்கும்; காற்றுப் படும் மொத்தப் பரப்பு 0.03 சதுர மீட்டர்தான். அதே ஒரு கிலோவை மில்லிங் இயந்திரம் 0.2 மி.மீ. தடிமனுள்ள சீவல்களாகச் சீவித் தள்ளினால் பரப்பு 3.7 சதுர மீட்டராகப் பெருகிவிடுகிறது. அதாவது ஏறத்தாழ 120 மடங்கு. இந்தச் சீவலை உலையில் கொட்டும்போது அது உருகிய உலோகத்தின்மேல் மிதக்கிறது. அமிழ்ந்து கரைவதற்குள் அதன் பரப்பு ஆக்சிஜனோடு சேர்ந்து கசடாக மாறத் தொடங்குகிறது. ஒட்டியிருக்கும் கூலன்ட் (சீவும்போது ஊற்றும் குளிர்விப்புத் திரவம்) புகைந்து எரிந்து நிலைமையை மேலும் கெடுக்கிறது. சீவலின் மெல்லிமையையும் அழுக்கையும் பொறுத்து 10 முதல் 20 விழுக்காடு வரை உலோகம் இப்படியே போய்விடுவது வழக்கம். காயலான் கடையில் கட்டி அலுமினியத்துக்கு ஒரு விலையும் சீவலுக்கு அதைவிடக் குறைந்த விலையும் சொல்வதற்கு இது பெருங்காரணம்.

உருக்காமலேயே சீவல்களை ஒன்றோடொன்று ஒட்டவைத்து இந்த இழப்பைத் தவிர்க்கலாம் என்பது புதிய எண்ணமன்று. மாக்ஸ் ஸ்டெர்ன் என்பவர் 1945ஆம் ஆண்டிலேயே இதற்கு அமெரிக்கக் காப்புரிமை பெற்றார். சீவலைச் சுத்தம் செய்து, அழுத்திக் கட்டியாக்கி, உருகுநிலைக்குக் கீழே சூடாக்கி, டை எனப்படும் எஃகு அச்சின் துளை வழியாகப் பிதுக்கி எடுக்கும் அடிப்படை வழி இன்றும் மாறவில்லை. இங்கே விளக்கப்படுவது, 100 டன் ஹைட்ராலிக் பிரஸ் உள்ள கல்லூரி ஆய்வகமோ சிறு பட்டறையோ 6063 வகை (மெக்னீசியமும் சிலிக்கனும் சிறிதளவு சேர்ந்த) அலுமினியச் சீவலிலிருந்து 10 மி.மீ. விட்டமுள்ள தண்டு எடுப்பதற்கான வழிமுறை. மாதம் பல டன் சீவல் சேரும் தொழிற்சாலைக்கு இந்த அளவு போதாது. அத்தகையவர்களும் சோதனைக்கு இதிலிருந்து தொடங்கலாம்.

செய்முறைக்குப் போகுமுன் சீவல்கள் ஏன் ஒட்டுகின்றன என்பதை அறிந்துகொள்வது நல்லது. ஏனெனில் பின்னால் வரும் எச்சரிக்கைகள் எல்லாம் இதிலிருந்தே பிறக்கின்றன. ஒவ்வொரு சீவலின்மீதும் சில நானோமீட்டர் தடிமனுக்கு அலுமினிய ஆக்சைடு படர்ந்திருக்கிறது. ஒரு கிலோ சீவலில் உள்ள இந்தப் படலம் முழுவதையும் உரித்தெடுத்து எடைபோட முடிந்தால் அது 0.1 கிராம்கூடத் தேறாது. ஆனால் அந்தச் சிறு அளவு 3.7 சதுர மீட்டரிலும் இடைவெளியின்றிப் பரவியிருப்பதால், சீவலும் சீவலும் தொட்டுக்கொண்டிருந்தாலும் உலோகமும் உலோகமும் தொட்டுக்கொள்வதில்லை. அலுமினியம் 660 டிகிரி செல்சியஸில் உருகும். அதன் ஆக்சைடோ 2000 டிகிரிக்கு மேல்தான் உருகும். ஆகவே 500 டிகிரியில் உலோகம் மெழுகைப்போல் இளகியிருக்க, படலம் மட்டும் கண்ணாடிபோல் விறைப்பாகவே இருக்கிறது. அந்த நிலையில் உலோகத்தை நீளவாக்கில் இழுத்துத் தேய்த்து நகர்த்தினால் படலம் சில்லுச் சில்லாக உடைகிறது. விரிசல்களின் வழியே புது உலோகம் பிதுங்கி, எதிர்ப்புறத்துப் புது உலோகத்தோடு அழுத்தத்தில் சேர்ந்து ஒன்றாகிவிடுகிறது. அழுத்தம் மட்டும் எவ்வளவு கொடுத்தாலும் இது நடக்காது. சறுக்கு நகர்வு வேண்டும். அதைத் தருவதற்காகவே சீவலை டை வழியாகப் பிதுக்குகிறோம்.

எந்தச் சீவலை எடுப்பது

உருக்கும் தொழிலில் கலவை சற்றுத் தவறினாலும் உலையில் சிலிக்கனோ மெக்னீசியமோ சேர்த்துச் சரிசெய்யலாம், கசட்டை வழித்தெடுக்கலாம், வாயுவை வெளியேற்றலாம். இங்கே அந்த வாய்ப்பு எதுவுமில்லை. உள்ளே போட்டது எதுவோ அதுவே தண்டில் இருக்கும். எனவே என் கணிப்பில் வேலையின் பாதிக்கு மேற்பட்ட பொறுப்பு பிரஸ்ஸை இயக்குபவரிடம் இல்லை, சீவலைச் சேகரிப்பவரிடமே இருக்கிறது.

மூலையில் குவிந்திருக்கும் கலப்புச் சீவலைப் பிரித்தெடுத்துப் பயன்படுத்தலாம் என்று எண்ண வேண்டாம். ஒரே உலோகக் கலவையில் ஒரு நாள் முழுவதும் வேலை ஓடும் இயந்திரத்தைத் தேர்ந்தெடுத்து, முந்தைய வேலையின் துகள்கள் இல்லாதபடி அதன் தட்டைத் துடைத்து, சீவல் விழும்போதே தனித் தொட்டியில் பிடியுங்கள். கூலன்ட் இல்லாமல் உலர்வாக ஓட்டக்கூடிய வேலை கிடைத்தால் இன்னும் நல்லது. காந்தத்தை ஓடவிட்டு இரும்புத் துகளை எடுத்துவிடலாம். ஆனால் பித்தளையையும் பெரும்பாலான ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் வகைகளையும் காந்தம் பிடிக்காது என்பதை நினைவில் வையுங்கள்.

கலவைகள் கலந்தால் வலிமை மட்டும் குறையும் என்பதல்ல. அலுமினியக் கலவைகளில் 7075 வகை 477 டிகிரியிலும் 2014 வகை ஏறத்தாழ 507 டிகிரியிலும் உள்ளுக்குள் இளகி உருகத் தொடங்குகின்றன. 500 டிகிரியில் பிதுக்கப்படும் 6063 சீவலில் ஒரு கைப்பிடி 7075 கலந்திருந்தால், அந்தத் துகள்களின் எல்லைகள் திரவமாகித் தண்டு டையிலிருந்து வெளிவரும்போதே கிழிந்துவிடும். பம்ப் மோட்டார் செய்யும் பட்டறைகளில் இன்னொரு பொறி உண்டு. ரோட்டரின் வெளிப்புறத்தைக் கடையும்போது வார்ப்பு அலுமினியமும் எஃகுத் தகடும் ஒரே வீச்சில் சீவப்படுகின்றன. பார்வைக்கு அது வெள்ளைச் சீவலாகவே தோன்றினாலும் இந்த வேலைக்கு உதவாது. வார்ப்பு வகைகளில் சிலிக்கன் மிகுதியாக இருந்தால் சீவல் பொடிப்பொடியாக உதிரும். முதல் முயற்சிக்கு அதையும் விட்டுவிடலாம். மெக்னீசியச் சீவலை இந்த வழிமுறைப்படி எந்த நிலையிலும் முயலக் கூடாது. அது தீப்பற்றினால் அணைப்பது அரிது.

வடிவத்தைப் பொறுத்தவரை, 5 முதல் 15 மி.மீ. நீளமும் 0.2 மி.மீ.க்குக் குறையாத தடிமனும் உள்ள சீவல் கையாள எளிது. லேத்திலிருந்து வரும் நீண்ட சுருள்கள் ஒன்றோடொன்று சிக்கி, அச்சுக்குள் பாலம் கட்டிக்கொண்டு வெற்றிடம் விடும். அவற்றை வெட்டிச் சிறிதாக்க வேண்டும், அல்லது கட்டிங் டூலில் சிப் பிரேக்கர் வைத்துக் கடையும்போதே ஒடிக்க வேண்டும். ஒரு மில்லிமீட்டருக்குக் குறைந்த தூளைச் சல்லடையில் நீக்கிவிடுங்கள். அதில் பரப்பு அதிகம், தீ அபாயமும் அதிகம். கிரைண்டிங் தூளைச் சீவலோடு ஒருபோதும் சேர்க்காதீர்கள்.

கழுவுதலும் உலர்த்துதலும்

நான் முதன்முதலில் எடுத்த தண்டு டையிலிருந்து வரும்போது பளபளவென்றிருந்தது. வெப்பப் பதப்படுத்த உலையில் வைத்து எடுத்தபோது அம்மை போட்டதுபோல் மேலெங்கும் கொப்புளங்கள். சீவலைத் துடைத்தால் போதும் என்று எண்ணியதன் விலை அது. உள்ளே சிறைப்பட்ட எண்ணெயும் ஈரமும் வாயுவாகி, சூட்டில் இளகிய உலோகத்தை உள்ளிருந்து ஊதிவிட்டன.

முதலில் சீவலைத் துளையுள்ள கூடையில் வைத்து ஓரிரவு வடியவிடுங்கள். பின்னர் 60 டிகிரி அளவுள்ள சுடுநீரில் காரமில்லாத சோப்புக் கரைசல் கலந்து, கால் மணி நேரம் கிளறிக் கழுவி, நுரை போகும்வரை நல்ல நீரில் அலசுங்கள். காஸ்டிக் சோடாவை இதற்குப் பயன்படுத்தக் கூடாது. அது அலுமினியத்தை அரித்து ஹைட்ரஜனை வெளிவிடும், இவ்வளவு பரப்புள்ள சீவலில் அந்த வினை நொடிகளில் பொங்கி எழும். அலசிய சீவலை ஒருமுறை அசிட்டோனில் முக்கி எடுத்து, காற்றோட்டமுள்ள இடத்தில், அருகில் நெருப்போ சுவிட்சுப் பொறியோ இல்லாதபடி பரப்பி ஆறவிடுங்கள். அசிட்டோன் வாடை முற்றிலும் போன பிறகே சீவலை உலர்த்தும் அடுப்பில் 120 டிகிரியில் இரண்டு மணி நேரம் வைக்க வேண்டும்.

போதுமான அளவு உலர்ந்துவிட்டதா என்பதைக் கண்ணால் முடிவுசெய்யாமல் எடையால் முடிவுசெய்யுங்கள். 10 கிராம் சீவலைத் துல்லியமான தராசில் நிறுத்து, 300 டிகிரியில் அரை மணி நேரம் வைத்து, ஆறிய பின் மறுபடி நிறுங்கள். குறைவு 0.01 கிராமுக்குள் இருந்தால் அடுத்த படிக்குப் போகலாம். அதற்கு மேலென்றால் மறுபடி கழுவ வேண்டும். ஈரச் சீவலை மூடிய டப்பாவில் அடைத்து வைப்பதும் ஆபத்து. நீரோடு மெல்ல வினைபுரிந்து அங்கேயும் ஹைட்ரஜன் சேரும். அருகில் உலர்ந்த மணல் வாளி ஒன்று எப்போதும் இருக்கட்டும். எரியும் உலோகச் சீவலின்மேல் நீரை ஊற்றக் கூடாது.

அழுத்திக் கட்டியாக்குதல்

எக்ஸ்ட்ரூஷன் கன்டெய்னரின் (பிதுக்கும்போது கட்டியை வைக்கும் எஃகு உருளையின்) உள்விட்டம் 40 மி.மீ. என்று கொள்வோம். கட்டியை அழுத்தும் அச்சின் உள்விட்டம் 39 மி.மீ. ஆக இருக்கட்டும், சூட்டில் அலுமினியம் எஃகைவிடக் கூடுதலாக விரியும் என்பதால் இந்த ஒரு மில்லிமீட்டர் இடைவெளி இல்லாவிட்டால் கட்டி கன்டெய்னரின் வாயிலேயே சிக்கிக்கொள்ளும்.

தளர்வாகக் கொட்டிய சீவலில் பெரும்பகுதி காற்றுதான். அதை முழுவதும் ஒரே தடவையில் கொட்டி அழுத்தினால், அச்சின் சுவரில் ஏற்படும் உராய்வு பஞ்ச்சின் (அச்சுக்குள் இறங்கி அழுத்தும் தண்டின்) அழுத்தத்தைத் தின்றுவிடும். மேற்பகுதி கல்லாகவும் அடிப்பகுதி பஞ்சாகவும் இருக்கும். ஒவ்வொரு தடவையும் 15 கிராம் அளவுக்குப் போட்டு, அழுத்தி, மீண்டும் போட்டு, பத்துச் சுற்றில் கட்டியை எழுப்புங்கள். இறுதியில் அச்சைத் தலைகீழாகத் திருப்பி மறுபுறத்திலிருந்தும் ஒருமுறை அழுத்தினால் இரு முனைகளும் ஒத்துவரும். 300 மெகாபாஸ்கல் அழுத்தத்துக்கு இந்த விட்டத்தில் ஏறத்தாழ 37 டன் விசை தேவைப்படும். அச்சின் சுவரில் எண்ணெய் பூசக் கூடாது. இவ்வளவு பாடுபட்டுக் கழுவியது வீணாகிவிடும்.

கட்டியின் அடர்த்தியைக் கணக்கிடுவது எளிது. 39 மி.மீ. விட்டமும் 60 மி.மீ. உயரமும் உள்ள திடமான அலுமினியம் 193 கிராம் இருக்கும். உங்கள் கட்டி அதே அளவில் 155 கிராம் இருந்தால் அடர்த்தி 80 விழுக்காடு. கையில் எடுத்தால் உதிராமல் இருக்க இது போதும். இதை 95 விழுக்காட்டுக்கு உயர்த்த வேண்டுமென்று பிரஸ்ஸை வருத்துவதில் பெரிய பயனில்லை. இந்தக் கட்டத்தில் சீவல்கள் ஒன்றையொன்று கொக்கிபோல் பிடித்திருக்கின்றனவே தவிர ஒட்டவில்லை. கட்டி சுற்றுச் சுற்றாக நாணய அடுக்குபோலப் பிளந்தால் மட்டும் ஒவ்வொரு சுற்றின் மேற்பரப்பையும் கம்பி முனையால் கீறிவிட்டு அடுத்ததைப் போடுங்கள்.

பிரஸ் மட்டும் இருந்து சூடாக்கும் வசதி இல்லாதவர்கள் இத்துடன் நிறுத்திக்கொள்வதிலும் இழிவில்லை. இப்படிக் கட்டியாக்கிய சீவலில் உலையின் காற்றுப் படும் பரப்பு குறைவு. உருக்குபவருக்கு இழப்பு குறையும்.

டை வழியாகப் பிதுக்குதல்

கன்டெய்னர், டை, கட்டியைத் தள்ளும் ராம் மூன்றும் எச்13 வகை வெப்ப அச்சு எஃகில், 46 முதல் 50 ராக்வெல் சி கடினத்துக்குப் பதப்படுத்தப்பட்டிருக்க வேண்டும். கன்டெய்னரின் வெளிவிட்டம் உள்விட்டத்தைப் போல் மூன்று மடங்காவது, அதாவது 120 மி.மீ.க்குக் குறையாமல் இருக்கட்டும். 40 மி.மீ. கட்டியை 10 மி.மீ. தண்டாக்கும்போது குறுக்குப் பரப்பு 16இல் ஒரு பங்காகச் சுருங்குகிறது. சீவல் வேலைக்கு இதைக் குறைந்தபட்ச விகிதமாகவே கருதுகிறேன். விகிதம் குறைந்தால் படலம் போதிய அளவு உடையாது. தண்டு வெளித்தோற்றத்தில் திடமாகவும் உள்ளுக்குள் இலை இலையாகவும் இருக்கும்.

தேவைப்படும் விசையை முன்கூட்டியே மதிப்பிடலாம். 500 டிகிரியில் மெல்ல நகரும் 6063 உலோகத்தின் இளகு தகைவை (அதை உருமாறச் செய்யத் தேவையான தகைவை) 30 மெகாபாஸ்கல் என்று கொண்டால், உருமாற்றத்துக்கு ஏறத்தாழ 150 மெகாபாஸ்கலும், கன்டெய்னர் சுவரின் உராய்வுக்கு 80 மெகாபாஸ்கலும் ஆகும். 40 மி.மீ. விட்டத்துக்கு இது 30 டன் விசை. கட்டி சற்றுக் குளிர்ந்துவிட்டாலே இது 40 டன்னைத் தாண்டும் என்பதால்தான் 100 டன் பிரஸ் வேண்டும் என்றேன்.

கட்டியை மஃபிள் உலையில் (மூடிய அறையுள்ள உலையில்) 500 டிகிரியில் ஒரு மணி நேரம் வையுங்கள். திடமான கட்டிக்கு இவ்வளவு நேரம் தேவையில்லை. இதற்குள் காற்று இடைவெளிகள் இருப்பதால் சூடு மெதுவாகவே நடுவுக்குப் போகும். ஒரு மாதிரிக் கட்டியில் துளையிட்டுத் தெர்மோகப்பிள் (வெப்பநிலை அளக்கும் கம்பி) செருகி, நடுப்பகுதி எப்போது 500 டிகிரியை எட்டுகிறது என்று ஒருமுறை அளந்துகொண்டால் பிறகு ஊகிக்க வேண்டியதில்லை. கன்டெய்னரையும் டையையும் செராமிக் பேண்ட் ஹீட்டரால் 460 டிகிரியில் வைத்திருங்கள். உலையிலிருந்து கன்டெய்னருக்குக் கட்டியை மாற்றுவது 15 நொடிக்குள் முடிய வேண்டும்; இதைக் குளிர்ந்த கட்டியை வைத்துச் சிலமுறை ஒத்திகை பார்த்துவிடுவது நல்லது.

கன்டெய்னர் சுவருக்கும் டைக்கும் கிராபைட் பூசக் கூடாது. பிற உலோகங்களின் எக்ஸ்ட்ரூஷனில் பழகியவர்கள் இங்கே தவறிவிடுகிறார்கள். கிராபைட் உலோகத்தோடு உள்ளே இழுக்கப்பட்டுச் சீவல்களுக்கிடையே அமர்ந்துவிட்டால் ஒட்டு விழாது. ராமின் முகப்பில் மட்டும் மெல்லிய பூச்சு போதும்.

முதலில் 12 டன் வரை அழுத்தம் ஏற்றி, கட்டி கன்டெய்னரை நிறைக்கும்வரை வைத்திருந்து, ராமைச் சிறிது பின்வாங்கி, மறுபடி அழுத்துங்கள். அலுமினிய எக்ஸ்ட்ரூஷன் ஆலைகளில் இது அன்றாட வழக்கம். சிக்கிய காற்று வெளியேறிவிடும். எண்பது விழுக்காடு அடர்த்தியுள்ள கட்டியில் காற்று மிகுதி என்பதால் இரண்டு மூன்று தடவை செய்வதில் தவறில்லை. பிறகு ராமை நொடிக்கு 1 மி.மீ. வேகத்தில் இறக்குங்கள். தண்டு நொடிக்கு 16 மி.மீ. வேகத்தில் வெளிவரும். மேற்பரப்பில் குறுக்கு விரிசல்கள் தோன்றினால் வேகமோ சூடோ கூடிவிட்டது. வேகத்தை முதலில் குறைத்துப் பாருங்கள். தண்டு வெளிவரும் திசைக்கு நேரே யாரும் நிற்கக் கூடாது. உள்ளே நீராவி சிக்கியிருந்தால் முதல் துண்டு தெறித்து வரக்கூடும்.

ராமை கடைசிவரை ஓட்ட வேண்டாம். முறுக்கு உழக்கின் அடியில் மாவு தங்குவதைப் போலவே டையின் மூலைகளிலும் நகராத உலோகம் தங்குகிறது. சுவரிலிருந்த அழுக்கும் அங்கேதான் சேர்ந்திருக்கும். கடைசி 10 மி.மீ.யை அடிக்கட்டியாக விட்டுவிடுங்கள். தண்டின் முதல் 10 செ.மீ.யையும் வெட்டிவிட வேண்டும். போதிய சறுக்கு நகர்வு கிடைக்கும்முன்பே வெளிவந்துவிட்ட பகுதி அது. 155 கிராம் கட்டியிலிருந்து இந்தக் கழிவு போக ஏறத்தாழ 45 செ.மீ. நல்ல தண்டு தேறும்.

தட்டை முகமுள்ள எளிய டைக்கு ஒரு குறை உண்டு. வெளிப்புற உலோகம் டையின் விளிம்பில் கடுமையாகத் தேய்ந்து நகர்கிறது. நடுப்பகுதியோ ஏறக்குறைய நேராக வழுக்கி வந்துவிடுகிறது. ஆகையால் ஒட்டு நடுவில்தான் பலவீனமாக இருக்கும். ஜெர்மனியின் டோர்ட்முண்ட் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் எர்மான் தெக்காயாவின் குழுவினர், குழாய் போன்ற வெற்றுத் துண்டுகளுக்குப் பயன்படும் போர்ட்ஹோல் டையைச் சீவலுக்குப் பயன்படுத்திப் பார்த்தார்கள். அதில் உலோகம் பல கிளைகளாகப் பிரிந்து மீண்டும் அழுத்தத்தில் ஒன்றுசேர வேண்டியிருப்பதால் நகர்வும் அழுத்தமும் கூடுகின்றன, ஒட்டும் மேம்பட்டது. அமெரிக்காவின் பசிபிக் வடமேற்குத் தேசிய ஆய்வகம் டையையே சுழலவிட்டு, உராய்வின் சூட்டிலேயே உலோகத்தை இளக்கிப் பிதுக்கும் முறையை வளர்த்திருக்கிறது. சிறு பட்டறைக்கு இவை எட்டாதவையாக இருக்கலாம்; ஆனால் இரண்டும் நாடுவது ஒன்றையே, அதாவது கூடுதல் சறுக்கு நகர்வை.

சோதித்தல்

அழகான மேற்பரப்பை நம்பாதீர்கள். ஒரு துண்டைக் காற்றிலும் நீரிலும் நிறுத்து அடர்த்தியைக் கணக்கிடுங்கள். 6063க்கு அது கன சென்டிமீட்டருக்கு 2.70 கிராம். 2.68க்குக் கீழே வந்தால் உள்ளே வெற்றிடம் இருக்கிறது. ஆனால் அடர்த்தி சரியாக இருப்பதாலேயே ஒட்டு சரியென்று ஆகாது. இடைவெளியின்றி நெருங்கியிருந்தும் ஒட்டாத எல்லைகள் அடர்த்தியில் தெரியாது. எனவே ஒரு துண்டை வைஸில் பிடித்து மெதுவாக வளையுங்கள். வளைவின் வெளிப்புறம் சீராக நீண்டால் நல்லது; காய்ந்த மூங்கில் பிளாச்சுபோல நீளவாக்கில் பிளந்தால் சீவல்கள் அருகருகே படுத்திருக்கின்றனவே தவிர சேரவில்லை என்று பொருள்.

குறுக்கு வெட்டை மெருகிட்டு, 10 விழுக்காடு காஸ்டிக் சோடாக் கரைசலில் சில நிமிடம் அரிக்கவிட்டால் ஒட்டாத எல்லைகள் கருங்கோடுகளாகத் தெரியும். கையுறையும் கண்ணாடியும் அணிந்து, காற்றோட்டத்தில் இதைச் செய்யுங்கள். கோடுகள் நடுவில் மட்டும் குவிந்திருந்தால் விகிதம் போதவில்லை. எங்கும் பரவியிருந்தால் கழுவுதலில் குறை.

வலிமைக்குச் சிறந்த ஒப்பீடு நூலில் உள்ள எண்ணன்று. கடையிலிருந்து வாங்கிய திடமான 6063 உருளையை 39 மி.மீ.க்குக் கடைந்து, அதே டையில், அதே சூட்டில், அதே வேகத்தில் பிதுக்கி, இரு தண்டுகளையும் ஒரே நாளில் இழுவைச் சோதனைக்கு அனுப்புங்கள். டி6 பதத்துக்கு (சூடாக்கி, நீரில் குளிர்வித்து, முதிரவைத்து வலுவேற்றிய நிலைக்கு) இரண்டையும் 520 டிகிரியில் முக்கால் மணி நேரம் வைத்து, நீரில் அமிழ்த்தி, 175 டிகிரியில் 8 மணி நேரம் முதிரவிடலாம். வழக்கமான 6063 டி6 தண்டுக்கு எதிர்பார்க்கப்படும் குறைந்தபட்ச இழுவை வலிமை 205 மெகாபாஸ்கல். சீவல் தண்டு வலிமையில் நெருங்கி வந்தும் நீட்சியில் பின்தங்குவது பொதுவான காட்சி. நீட்சியையே கூர்ந்து பாருங்கள், ஒட்டின் குறை முதலில் அங்கேதான் வெளிப்படும்.

சோதனையில் தேறிய தண்டைப் பிடிகள், இடைவளையங்கள், ஜிக்குகளின் பாகங்கள் போன்றவற்றுக்குப் பயன்படுத்தலாம். சுமை தூக்கும் கொக்கி, அழுத்தக் கலன், வண்டியின் பிரேக் சார்ந்த பாகம், இடைவிடாது அதிரும் பாகம் ஆகியவற்றுக்கு எவ்வளவு நல்ல முடிவு வந்தாலும் பயன்படுத்தக் கூடாது; ஒட்டாத ஒரே ஓர் எல்லை போதும், விரிசல் அங்கிருந்து தொடங்கிவிடும். வளைவில் பிளந்த தண்டுகளைத் துண்டுகளாக்கி, கழுவி, மறுபடி ஒருமுறை கட்டியாக்கிப் பிதுக்கிப் பார்க்கலாம். அடிக்கட்டிகளையும் வெட்டிய முன்முனைகளையும் கலவையின் பெயர் எழுதிய தனிப் பெட்டியில் சேர்த்து வையுங்கள். அவை சீவலாக இல்லாததால் காயலான் கடையில் கட்டி விலைக்கே கேட்கலாம்.